சீனன்குடாத் தீ எங்கே மூட்டப்பட்டது?

திருகோணமலையில் வாழ்வோருக்குச் சீனன்குடாவின் எண்ணெய்க் குதங்கள் பழகிப்போன காட்சி. பற்றைக் காட்டின் நடுவே, மாபெரும் இரும்புப் பானைகளைக் கவிழ்த்து வைத்தாற்போல் அவை நிற்கின்றன. பிரித்தானியர் கட்டியவற்றுள் இன்று எஞ்சியிருப்பவை 99. அவற்றோடு நிற்க வேண்டிய இன்னொன்று உருகிக் குலைந்த இரும்பாகிப் போயிற்று. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த வியாழக்கிழமை காலையில், யப்பானிய விமானம் ஒன்று அதன்மீது வீழ்ந்தது. உள்ளே இருந்த எண்ணெய் ஏழு நாட்கள் எரிந்ததாகச் சொல்வார்கள்.

நகுமோ என்ற தளபதியின் கீழ் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள் அப்போது நம் கிழக்குக் கடலுக்கு வந்திருந்தன. உயிர்த்த ஞாயிறன்று கொழும்பைத் தாக்கிவிட்டு அவை திருகோணமலைக்குத் திரும்பின. இங்கே நின்ற ஹேர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல், ஆபத்தை அறிந்து முதல்நாளே புறப்பட்டுக் கரையோரமாகத் தெற்கே சென்றது. கொட்டியாரக் குடாவையும் இலங்கைத்துறை முகத்துவாரத்தையும் வெருகலையும் தாண்டி மட்டக்களப்புக் கடல்வரை போன அக்கப்பல், திரும்பி வரும் வழியிலே மூழ்கடிக்கப்பட்டது. விமானந்தாங்கிக் கப்பல் என்ற பெயரேயன்றி அன்று அதில் விமானம் ஒன்றுகூட இருக்கவில்லை. 307 பேர் மாண்டனர்.

இந்த வரலாற்றைக் கேட்கும் பிள்ளைகள் வழக்கமாக ஒரு கேள்வி கேட்பார்கள்: “யப்பான்காரனுக்கும் எங்களுக்கும் என்ன பகை?” ஒரு பகையும் இல்லை. இங்கே பிரித்தானியரின் கடற்படைத் தளம் இருந்தது, ஆகவே அடித்தான் என்பது பாதி விடையே. இலங்கைத்துறைக் கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்த ஏழை மீனவன் போருக்கு வாக்களிக்கவும் இல்லை. அவனிடம் எவரும் சம்மதம் கேட்கவும் இல்லை. மீதி விடையைத் தேட வேண்டுமானால் இருபது ஆண்டுகள் பின்னோக்கி, உரோமாபுரிக்குப் போக வேண்டும். கத்தோலிக்கராகிய நமக்கு அந்தப் பயணம் அவ்வளவு சுகமானதல்ல. எனினும் போகத்தான் வேண்டும்.

பண்டைய உரோமையில் நீதிபதிகளுக்கு முன்னே, கோடரியோடு சேர்த்துக் கட்டிய தடிக் கற்றை ஒன்றைச் சேவகர் சுமந்து செல்வர். தண்டிக்கும் அதிகாரத்தின் அடையாளம் அது. முசோலினி தன் இயக்கத்துக்குச் சின்னமாக எடுத்தது அந்தக் கற்றையையே. பாசிசம் என்ற பெயரும் அதிலிருந்து வந்ததே. தனித் தடி முறியும், கட்டிய தடி முறியாது என்பது கேட்பதற்கு நல்ல போதனைதான். ஆனால் கற்றைக்குள் கட்டப்பட்ட தடிக்குச் சொந்த மனச்சாட்சி கிடையாது. நடுவிலுள்ள கோடரி யாருடைய கழுத்தில் விழும் என்பதையும் அது தீர்மானிப்பதில்லை.

முதலாம் உலக யுத்தத்தில் இத்தாலி வெற்றி பெற்ற பக்கத்தில் நின்றது. ஆயினும் வறுமையும் வேலையின்மையும் வேலைநிறுத்தங்களும் அந்நாட்டை அலைக்கழித்தன. பொதுவுடைமையைக் கண்டு நிலவுடைமையாளரும் நடுத்தர மக்களும் அஞ்சினர். அந்த அச்சமே முசோலினியின் மூலதனம். அவனுடைய கருஞ்சட்டைப் படையினர் தொழிற்சங்க அலுவலகங்களை எரித்தனர். கத்தோலிக்க விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கங்களையும் விடவில்லை. 1921ஆம் ஆண்டுத் தேர்தலில் 535 ஆசனங்களுள் பாசிசவாதிகள் பெற்றவை 35 மாத்திரமே. அடுத்த ஆண்டு ஒக்டோபர் 28ஆம் திகதி அவர்கள் உரோமையை நோக்கி ஊர்வலமாக வந்தபோது, இராணுவச் சட்டம் பிறப்பிக்கும் ஆணையைப் பிரதம மந்திரி அரசரிடம் நீட்டினார். அரசர் ஒப்பமிட மறுத்து, முசோலினியையே அழைத்து ஆட்சியைக் கொடுத்தார். கோட்டைக் கதவை அவன் உடைக்கவில்லை. உள்ளே இருந்தவர்களே திறந்துவிட்டார்கள்.

அப்போது கத்தோலிக்கர் என்ன செய்தனர்? லூயிஜி ஸ்தூர்சோ என்ற சிசிலிக் குருவானவர் 1919இல் மக்கள் கட்சி ஒன்றை நிறுவியிருந்தார். உழவருக்கு நிலம், தொழிலாளருக்கு நியாயம், ஊராட்சிகளுக்கு அதிகாரம் என்பன அதன் கோரிக்கைகள். அக்கட்சியினர் சிலர் முசோலினியின் முதல் மந்திரிசபையிலேயே இடம் பெற்றனர். உள்ளே இருந்து அவனை அடக்கிவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. ஸ்தூர்சோ அடிகளுக்கு அதில் நம்பிக்கை இருக்கவில்லை. 1923இல் பெரிய இடங்களின் நெருக்குதலால் கட்சிச் செயலாளர் பதவியைத் துறந்து, 1924இல் நாட்டை விட்டே வெளியேறினார். அந்த நெருக்குதலில் வத்திக்கானுக்கும் பங்கு உண்டு என்பதை மறைப்பதால் நமக்கு ஒரு நன்மையும் இல்லை.

இன்னொரு குருவானவர் அவ்வளவாக அறியப்படாதவர். ஆர்ஜென்தா என்னும் சிற்றூரின் பங்குத்தந்தை ஜொவான்னி மின்சோனி, யுத்தத்தில் படைக் குருவாகப் பணியாற்றி வீரப் பதக்கம் பெற்றவர். ஆகவே தேசத் துரோகி என்று அவரைச் சொல்ல முடியாது. அவர் செய்த குற்றம், தம் பங்கின் சிறுவர்களைக் கருஞ்சட்டைக்காரரின் கையில் கொடாமல் சாரணர் குழுவொன்றில் சேர்க்க முற்பட்டதுதான். 1923ஆம் ஆண்டு ஓகஸ்ட் 23ஆம் திகதி இரவு வழிமறித்து அடித்தார்கள். மண்டை பிளந்து இறந்தார். ஓர் ஊர்க் குருவானவர் பிள்ளைகளைக் கூட்டி விளையாட்டும் கட்டுப்பாடும் கற்பிப்பதைக் கண்டு ஓர் அரசியல் இயக்கம் ஏன் கொலைவரை போக வேண்டும்? பிள்ளையைப் பிடித்தவன் நாளைய வீட்டைப் பிடிக்கிறான் என்பதை அவர்கள் நம்மைவிட நன்றாக அறிந்திருந்தார்கள். 1926இல் சிறுவருக்கென்று அரசே ஓர் அமைப்பை நிறுவியது. பின்னர் ஜேர்மனியில் ஹிட்லர் செய்ததும் அதுவே.

1929 பெப்ரவரி 11ஆம் திகதி இலாத்தரன் உடன்படிக்கை ஒப்பமாயிற்று. வத்திக்கான் தனியரசாயிற்று, பள்ளிக்கூடங்களில் மறைக்கல்வி வந்தது, கோயில் திருமணம் சட்டப்படி ஏற்கப்பட்டது. ஏறத்தாழ அறுபது ஆண்டுப் புண் ஆறியதென்று மகிழ்ந்தார்கள். மகிழ்ச்சி இரண்டே ஆண்டுகள். 1931இல் முசோலினி கத்தோலிக்க இளைஞர் சங்கங்களைக் கலைத்தான். பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் அதே ஆண்டு யூன் 29ஆம் திகதியிட்டு ஒரு சுற்றுமடல் வரைந்தார். பிள்ளைகளை முழுவதும் தனக்கே சொந்தமாக்கிக்கொண்டு அரசையே தெய்வமாக்கும் கொள்கையை அது கண்டித்தது. இத்தாலிக்குள் அதை வெளியிட விடமாட்டார்கள் என்று அஞ்சி, ஸ்பெல்மன் என்ற அமெரிக்கக் குருவானவரின் கையில் கொடுத்துப் பாரிசுக்கு அனுப்பினார்கள்! உடன்படிக்கை செய்து இரண்டாண்டுகளில் பாப்பரசரின் கடிதமே கள்ளமாகப் போக வேண்டியதாயிற்று.

ஜேர்மனியில் நிகழ்ந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1928இல் நாசிக் கட்சிக்குக் கிடைத்த வாக்கு நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. பொருளாதார வீழ்ச்சியால் வேலையற்றோர் தொகை அறுபது இலட்சத்தை எட்டிய 1932இல் அது நூற்றுக்கு முப்பத்தேழு ஆயிற்று. 1933 சனவரி 30இல் ஹிட்லரைப் பிரதமராக்கியவர்கள், அவனைத் தம் கைக்குள் வைத்திருக்கலாம் என்று எண்ணிய பழைமைவாதிகள். அவர்களுள் முக்கியமான வொன் பாப்பன் ஒரு கத்தோலிக்கர். மார்ச் 23ஆம் திகதி, பாராளுமன்றத்தைக் கேளாமலே சட்டம் இயற்றும் அதிகாரத்தை ஹிட்லருக்குக் கொடுக்கும் மசோதா வந்தது. ஆதரவாக 444 வாக்குகள். எதிராகச் சமூக ஜனநாயகக் கட்சியினரின் 94 வாக்குகள் மாத்திரமே. பொதுவுடைமைவாதிகள் சபைக்கு வரமுடியாதபடி தடுக்கப்பட்டிருந்தனர். கத்தோலிக்கரின் மத்திய கட்சி திருச்சபைக்குப் பாதுகாப்பு வாக்குறுதி பெற்றுக்கொண்டு ஆதரவாக வாக்களித்தது. யூலையில் அக்கட்சியே இல்லாமற்போனது. அதே மாதம் 20ஆம் திகதி வத்திக்கானும் ஹிட்லர் அரசும் உடன்படிக்கை செய்தன.

ஒரு மக்கள் கூட்டத்தின் உரிமையைத் துப்பாக்கி இல்லாமல், சபையில் கையுயர்த்தியே பறித்துவிடலாம் என்பதை இலங்கையில் நாம் நூலில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்கள் மலையகத் தமிழர் பெரும்பாலாரின் குடியுரிமையையும் வாக்கையும் எப்படிப் பறித்தன என்பது தெரிந்ததே. அதுவும் இதுவும் ஒன்றென்று சொல்ல வரவில்லை. பெரும்பான்மை வாக்கு நியாயத்துக்கு உத்தரவாதமல்ல என்பதையே குறிக்கிறேன்.

1937ஆம் ஆண்டு குருத்து ஞாயிறன்று ஜேர்மனியின் கோயில்களில், இரகசியமாக அச்சிட்டுப் பரப்பப்பட்ட பாப்பரசரின் சுற்றுமடல் வாசிக்கப்பட்டது. வழக்கம்போல இலத்தீனில் அல்ல, ஜேர்மன் மொழியிலேயே எழுதப்பட்டது. இனத்தையும் அரசையும் விக்கிரகமாக்குவதை அது வெளிப்படையாகக் கண்டித்தது. அச்சிட்ட அச்சகங்கள் பறிமுதலாயின. துணிவான செயல் என்பதில் ஐயமில்லை. ஆனால் வாக்களித்து நான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன. யூதரின் வேலைகளும் குடியுரிமையும் அதற்குள் பறிபோயிருந்தன.

இனிப் போர் நம் துறைமுகத்துக்கு வந்த வழியைப் பார்ப்போம். 1931 செப்டெம்பரில் யப்பானிய இராணுவம் மஞ்சூரியாவைப் பிடித்தது. யப்பானில் முசோலினியைப்போல் ஒரே தலைவன் எழவில்லை. சக்கரவர்த்தியின் பெயரால் இராணுவமே ஆட்டிவைத்தது. 1932 மே மாதத்தில் பிரதம மந்திரி இனுக்காய் அவருடைய வாசஸ்தலத்திலேயே கடற்படை அதிகாரிகளால் சுட்டுக்கொல்லப்பட்டார். கொன்றவர்களுக்கு இலேசான தண்டனையே கிடைத்தது. சர்வதேச சங்கம் மஞ்சூரியாவைப்பற்றி அறிக்கை எழுதியது. யப்பான் எழுந்து வெளியே போயிற்று.

இதை முசோலினி கவனித்தான். 1935 ஒக்டோபரில், பழம்பெரும் கிறிஸ்தவ நாடாகிய எத்தியோப்பியாவின்மேல் படையெடுத்து, நச்சுப் புகையையும் பிரயோகித்தான். சங்கம் இத்தாலிமீது வியாபாரத் தடை விதித்தது. ஆனால் தடைப்பட்டியலில் எண்ணெயைச் சேர்க்கவில்லை. சூயஸ் கால்வாயை மூடவும் இல்லை. எண்ணெய் இல்லாமல் ஒரு போர்வண்டியும் ஓடாது என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். இத்தாலியைப் பகைத்தால் அது ஹிட்லரோடு சேர்ந்துவிடும் என்று பிரித்தானியாவும் பிரான்சும் பயந்தன. பகைக்காமலே அது சேர்ந்தது. சங்கத்தின் கை கட்டப்பட்டிருந்த அந்த மாதங்களில், 1936 மார்ச் 7ஆம் திகதி, ஹிட்லர் தன் படையை ரைன்லாந்துக்குள் நடத்தினான். 1938இல் ஒஸ்திரியாவும், மியூனிக் ஒப்பந்தத்தால் செக்கோஸ்லோவாக்கியாவின் ஒரு பகுதியும் விழுந்தன. 1939 செப்டெம்பர் முதலாந் திகதி போலந்து. ஒருவன் செய்து தப்பியதை மற்றவன் பார்த்தான். மூவரும் 1940 செப்டெம்பர் 27ஆம் திகதி பெர்லினில் ஒப்பந்தம் செய்தனர்.

1941இல் யப்பான் தென் இந்தோசீனாவையும் பிடித்தபோதுதான் அமெரிக்கா எண்ணெயை நிறுத்தியது. யப்பானின் எண்ணெயில் மிகப் பெரும் பங்கு அமெரிக்காவிலிருந்தே வந்துகொண்டிருந்தது. எண்ணெய்க் கிணறுகள் உள்ள ஒல்லாந்தரின் கிழக்கிந்தியத் தீவுகளைப் பிடிக்க யப்பான் புறப்பட்டது. வழியில் 1942 பெப்ரவரி 15ஆம் திகதி சிங்கப்பூர் வீழ்ந்தது. பிரித்தானியக் கடற்படைக்குக் கொழும்பும் திருகோணமலையுமே கிழக்கில் எஞ்சிய பெருந் துறைகள். எத்தியோப்பியாவைக் காக்க நிறுத்தாத எண்ணெய், இவ்வாறு ஏழு ஆண்டுகளுக்குள் சீனன்குடாவில் எரிந்தது.

நமக்கு நேர்ந்தது ஒரு காலை நேரத் துன்பம். நம் இனத்தவருக்கு வேறிடத்தில் நேர்ந்ததைப் பலர் மறந்துவிட்டனர். மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளரை யப்பானியர் சீயம் - பர்மா இரயில் பாதை போட இழுத்துச் சென்றனர். வாந்திபேதியாலும் பட்டினியாலும் அடியாலும் இறந்த அவர்களிற் பெரும்பாலாருக்குப் பெயர் எழுதிய கல்லறைகூட இல்லை. நிலாவெளி வீதியிலுள்ள யுத்த மயானத்தில் வெள்ளைக் கற்கள் ஒழுங்காக நிற்பதைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்தத் தமிழர்களின் நினைவே வருகிறது.

2020இல் ஜேர்மன் ஆயர்கள், அன்றைய ஆயர்கள் போருக்கு எதிராகத் தெளிவாகச் சொல்லாததால் அதற்கு உடந்தையானார்கள் என்று ஓர் அறிக்கையில் ஒப்புக்கொண்டனர். எழுபத்தைந்து ஆண்டுகள் பிந்தி வந்த பாவசங்கீர்த்தனம்!

ஆனால் அன்றே சொன்னவர் ஒருவர் இருந்தார். ஒஸ்திரியாவில் சாங்க்ட் ராடெகுண்ட் என்ற சிற்றூரில் பிரான்ஸ் யேகர்ஸ்தெத்தர் என்ற விவசாயி. கோயிலைக் கவனிக்கும் பணியையும் செய்துவந்தவர். 1938 ஏப்ரலில் ஒஸ்திரியாவை ஹிட்லரின் ஆட்சியோடு இணைப்பதுபற்றி வாக்கெடுப்பு நடந்தபோது, அந்த ஊரில் ‘இல்லை’ என்றவர் அவர் ஒருவரே. அதிகாரிகள் அதையும் விழுங்கிவிட்டு, ஊர் முழுவதும் ‘ஆம்’ என்றதாக எழுதிக்கொண்டார்கள். 1943இல் ஹிட்லரின் படையில் ஆயுதம் ஏந்த மறுத்தார். பங்குக் குருவானவரும் ஆயரும் குடும்பத்தை எண்ணிப் பார்க்கும்படி புத்தி சொன்னார்கள். அவருக்கு மனைவியும் மூன்று சின்னஞ்சிறு பெண்பிள்ளைகளும் இருந்தனர். அவர்களை எண்ணாமல் அவர் முடிவு செய்யவில்லை; சிறையிலிருந்து மனைவிக்கு எழுதிய கடிதங்களைப் படித்தவர்களுக்கு அது தெரியும். முதலில் அவர் மனத்தை மாற்ற முயன்ற மனைவி பிரான்சிஸ்கா, பின் அவர் பக்கமே நின்றார். ஓகஸ்ட் 9ஆம் திகதி அவருடைய தலை வெட்டப்பட்டது.

குடும்பத்தைக் கைவிட்டவன் என்று அயலவர் அவரைத் தூற்றினர். யுத்தத்தில் இறந்த மற்றப் படைவீரரின் விதவைகளுக்குக் கிடைத்த உதவிப்பணம் 1950 வரை பிரான்சிஸ்காவுக்கு மறுக்கப்பட்டது. வயலையும் மூன்று பிள்ளைகளையும் அவர் தனியே பார்த்தார். 2007 ஒக்டோபர் 26ஆம் திகதி லின்ஸ் பேராலயத்தில் யேகர்ஸ்தெத்தர் முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டபோது, 94 வயதான அவருடைய மனைவி அந்தத் திருப்பலியில் அமர்ந்திருந்தார்.