‘வேண்டும்’ ஒன்றுதானா தமிழில்?

கட்டாயத்தைச் சொல்லத் தமிழில் ‘வேண்டும்’ ஒன்றுதான் உண்டு, அதனால் ஆங்கிலத்தின் மஸ்ட், ஹேவ் டு, ஷுட், ஷல் ஆகியவற்றின் நுட்பம் தமிழ்வழியில் படித்தவருக்குப் பிடிபடாது என்ற நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. இது தவறு. ஓர் எடுத்துக்காட்டு பார்க்கலாம். 2001 பிப்ரவரி 28-இல் கோலார் தங்கவயல் சுரங்கம் மூடப்பட்டபின், மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போவதுதான் அங்கே பல குடும்பங்களின் பிழைப்பு. அந்த ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர் ‘போகணும்’ என்பதும் ‘போக வேண்டியிருக்கு’ என்பதும் ஒன்றல்ல. முன்னதில் அவருடைய உறுதி தெரிகிறது, பின்னதில் ஷிப்டு தரும் நெருக்கடி தெரிகிறது. மஸ்டுக்கும் ஹேவ் டுவுக்கும் இலக்கண நூல்கள் காட்டும் வேறுபாடு ஏறக்குறைய இதுவே. எதிர்மறையில் தமிழ் இன்னும் தெளிவு. மஸ்ட் நாட் என்றால் ‘கூடாது’, டோன்ட் ஹேவ் டு என்றால் ‘வேண்டியதில்லை’. வெடி வைத்த இடத்துக்குப் புகை அடங்குமுன் போகக் கூடாது என்பதைப் போக வேண்டியதில்லை என்று எந்தச் சுரங்கத் தொழிலாளியும் மாற்றிச் சொல்லமாட்டார். மஸ்ட், ஹேவ் டு இரண்டுக்கும் ‘வேண்டும்’ என்று மட்டும் பொருள் எழுதிவிட்டு, எதிர்மறையை மாணவரின் ஊகத்துக்கு விடுவதால்தான் குழப்பம் வருகிறது.

ஷல் எதிர்காலத்துக்கு மட்டுமே உரியது என்பதும் பாதி உண்மைதான். 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் 46-ஆம் பிரிவு, பெண்களை நிலத்தடி வேலையில் அமர்த்தக் கூடாது என்றது ஷல் என்ற சொல்லால்தான். அது வருங்காலம் பற்றிய தகவல் அல்ல, தடை. அப்படியானால் சட்டத்தில் வரும் ஒவ்வொரு ஷல்லும் மீற முடியாத கட்டளையா என்று கேட்கலாம். இல்லை. மன்போதன் லால் ஸ்ரீவஸ்தவா வழக்கில் 1957-இல் உச்ச நீதிமன்றம், அரசு ஊழியர்மீதான ஒழுங்கு நடவடிக்கையில் தேர்வாணையத்தைக் கலந்துகொள்ளச் சொல்லும் அரசியலமைப்பின் 320(3)(சி) பிரிவில் ஷல் இருந்தும், கலந்துகொள்ளாததால் மட்டும் நடவடிக்கை செல்லாததாகிவிடாது என்றது. சொல் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு கட்டாயத்தை அளக்க முடியாது. விதியின் நோக்கமும் பார்க்கப்படுகிறது.

தமிழ் உண்மையிலேயே வழுக்கும் இடம் ஒன்று உண்டு. சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டைப் பற்றி ‘கேஜ் மேலே வந்திருக்க வேண்டும்’ என்பது ஊகமாகவும் இருக்கலாம், வராததைச் சொல்லும் குறையாகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் ஊகத்துக்கு மஸ்ட் ஹேவ், குறைக்கு ஷுட் ஹேவ். இரண்டில் எதைச் சொல்கிறோம் என்று முடிவு செய்யாமல் மொழிபெயர்த்தால் பொருள் தலைகீழாகிவிடும். வகுப்பில் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டியது இதற்குத்தான்.