மே மாதத்தையும் தாங்கும் கலோரிக் கணக்கு

சேர்வராயன் கோயிலுக்கு ஏரிக்கரையிலிருந்து நடந்தே போய்த் திரும்பினால் எத்தனை கலோரி கரையும்? எடை குறைக்க நினைக்கும் ஏற்காட்டுக்காரர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். போக வர பத்துப் பதினோரு கிலோமீட்டர் தூரம். கோயில் இருப்பது மலையின் உச்சியில், 1,600 மீட்டருக்கும் மேலே. 70 கிலோ எடையுள்ளவர், சும்மா உட்கார்ந்திருந்தால் ஆகும் செலவுக்கு மேல், ஏறத்தாழ 400 முதல் 500 கலோரி செலவழிப்பார். அரை நாள் உழைப்பு அது. இறங்கி வந்து ஏரிக்கரையில் நாலு மிளகாய் பஜ்ஜியும் சர்க்கரை தூக்கலாக ஒரு டீயும் சாப்பிட்டால், அதில் பெரும்பகுதி கால் மணி நேரத்தில் திரும்பி வந்துவிடும்.

நடக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. முட்டிக்கும் மூச்சுக்கும் தூக்கத்துக்கும் நடை செய்யும் நன்மையை நானே அனுபவித்திருக்கிறேன். ஆனால் எடை குறைவது தட்டில்தான் தீர்மானமாகிறது. ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிட்டால் எடையும் குறையும், வேலையும் நடக்கும், வீட்டில் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடவும் முடியும்? அந்த அளவைக் கண்டுபிடிப்பதுதான் முக்கியம்.

நான் காபி எஸ்டேட் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். பழம் பறிக்கும் பருவத்தில் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடும் ஒரு பெண் கேட்டாள்: “ஏங்க்கா, நான் திங்கிறதுல பாதிகூட நீங்க திங்கிறதில்ல. அப்புறம் எப்படி உடம்பு போடுது உங்களுக்கு?”

“நீ நாள் முழுக்க சரிவுல ஏறி எறங்கற கண்ணு. நான் நாற்காலிய விட்டே எந்திரிக்கிறதில்ல.”

அந்த வித்தியாசத்துக்கு எண்களே இருக்கின்றன. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, 55 கிலோ எடையுள்ள பெண் உட்கார்ந்து வேலை பார்ப்பவராக இருந்தால் நாளொன்றுக்கு 1,660 கலோரி. நடுத்தர உழைப்பென்றால் 2,130. கடும் உழைப்பென்றால் 2,720. 65 கிலோ ஆணுக்கு முறையே 2,110, 2,710, 3,470. ஒரே வயது, ஒரே எடை, ஆனாலும் ஆயிரம் கலோரிக்கு மேல் வித்தியாசம். பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிக்கொடுத்த உணவுப் பட்டியலை வாங்கிவந்து நாம் பின்பற்றக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

அந்த நிறுவனமே நம் மாநிலத்து மலையில் பிறந்ததுதான். 1918-இல் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் ஓர் அறையில் தொடங்கிய ஆய்வு வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்குப் போனது. இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை நாடெங்கும் கொண்டு சேர்த்த டாக்டர் சி. கோபாலன் சேலத்தில் பிறந்தவர். எங்கள் மாவட்டத்துக்காரர் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. அவருடைய அட்டவணையைத் திறந்து பார்த்தால் மலையில் புழங்கும் ஒரு நம்பிக்கை ஆட்டம் காணும். 100 கிராம் பச்சரிசியில் 345 கலோரி. அதே எடைச் சாமையில் 341, கேழ்வரகில் 328. சாமைச் சோறு என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று சொல்பவர்களுக்கு இதைத்தான் காட்டுகிறேன். சாமையின் பலம் நார்ச்சத்தில் இருக்கிறது. கொஞ்சத்திலேயே வயிறு நிறைகிறது, அடுத்த பசி தள்ளிப்போகிறது. இந்த மலையில் தலைமுறைகளாகச் சாமை விதைத்த மலையாளி மக்கள் அதைக் கீரையோடும் பயறோடும் சாப்பிட்டு, காட்டு வேலைக்கும் போனார்கள். நாம் தானியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு உழைப்பை விட்டுவிட்டால் பலன் பாதிதான்.

அளவுக்கு வருகிறேன். முதல் இரண்டு வாரம் எதையும் குறைக்காமல், வழக்கமாகச் சாப்பிடுவதை அப்படியே எழுதுங்கள். அரிசியையும் சாமையையும் வேகவைப்பதற்கு முன்பே எடை போடுங்கள். வெந்தபின் தண்ணீர் சேர்ந்து கணக்கு குழம்பும். எடை ஏறாமலும் இறங்காமலும் இருந்தால், அப்போது சாப்பிடுவதுதான் உங்கள் உடம்பின் செலவு. எழுதியது மட்டும் 1,300, 1,400 என்று வந்தால் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. தாளிக்கும்போது ருசி பார்த்தது, குழந்தை மிச்சம் வைத்தது, நடுவில் குடித்த காபி என்று தேடினால் அகப்படும்.

எண்ணெயைக் கரண்டியால் அளக்கவே முடியாது. மளிகைச் சீட்டைப் பாருங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் 4 லிட்டர் செலவானால் தலைக்கு நாளொன்றுக்கு 33 மில்லி, அதாவது சுமார் 270 கலோரி. அதை 3 லிட்டர் ஆக்கினால் ஒவ்வொருவர் கணக்கிலும் தினம் 70 கலோரி அளவுக்குக் குறைகிறது. யாருக்கும் தனிச் சமையல் தேவைப்படாது. எங்கள் வீட்டில் முதலில் செய்த மாற்றம் இதுதான்.

எழுதியதைச் சரிபார்க்க மிஃப்ளின்–செயின்ட் ஜியோர் சூத்திரம் உதவும். பெண்களுக்கு: எடையைப் பத்தால் பெருக்கி, சென்டிமீட்டரில் உயரத்தை 6.25-ஆல் பெருக்கிக் கூட்டி, வயதை ஐந்தால் பெருக்கிக் கழித்து, மேலும் 161 கழிக்க வேண்டும். ஆண்களுக்குக் கடைசியில் 161 கழிப்பதற்குப் பதிலாக 5 கூட்ட வேண்டும். 46 வயதில், 158 சென்டிமீட்டர் உயரத்தில், 74 கிலோ இருந்தபோது எனக்கு 1,336 வந்தது. உட்கார்ந்த வேலைக்கு அதை 1.4-ஆல் பெருக்கினால் சுமார் 1,870. அதில் 350-ஐ மட்டும் குறைத்து 1,500-ஐ ஒட்டி நின்றேன். ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறத்தாழ 7,700 கலோரி என்பது பொதுவான கணக்கு. ஆக, தொடக்கத்தில் மாதத்துக்கு ஒரு கிலோவும் கொஞ்சமும் குறையும். மெதுவானதுதான், ஆனால் பசியோடு தூங்கப் போக வேண்டியதில்லை.

உடனே 1,200-க்கு இறங்கினால் என்ன என்று கேட்பவர்களுக்கு மினசோட்டா ஆய்வைச் சொல்வேன். 1944–45-இல் ஆன்செல் கீஸ், ஆரோக்கியமான 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் நாளொன்றுக்குச் சுமார் 1,570 கலோரி கொடுத்துப் பார்த்தார். அவர்கள் வாரம் 22 மைல் நடக்கவும் வேண்டும். எடை கால்பங்கு இறங்கியது. கூடவே எரிச்சல், சோர்வு, எப்போதும் குளிர், இரவும் பகலும் சாப்பாட்டு நினைப்பு. அவர்கள் கொழுப்பு அதிகம் இல்லாத, நடமாட்டம் மிகுந்த ஆண்கள். நம் நிலை வேறுதான். ஆனாலும் செலவுக்கும் வரவுக்கும் இடையே பெரும்பள்ளம் விழுந்தால் மனம் சாப்பாட்டையே சுற்றும் என்பதை அந்த ஆய்வு தெளிவாகக் காட்டியது. மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் 1,200-ஐக் கையில் எடுப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

எனக்கு உண்மையான சோதனை மே மாதம். சேர்வராயன் கோயில் திருவிழா, கோடை விழா, மலர்க் கண்காட்சி, வீடு நிறைய விருந்தாளி. சேலத்திலிருந்து வரும் சொந்தம் மாம்பழக் கூடையோடு வரும். தட்டுவடை செட் வாங்கிக்கொண்டு வரும். அந்த மாதத்தில் 1,500-ல் நிற்க மெனக்கெடுவதில்லை. எடை குறையவும் வேண்டாம், கூடவும் வேண்டாம் என்று பழைய 1,850-ஐ ஒட்டிச் சாப்பிடுகிறேன். தீபாவளிக்கும் அப்படித்தான். ஒரு நாள் கூடினால் மறுநாள் பட்டினி கிடப்பதில்லை. வாரக் கூட்டுத்தொகையைத்தான் பார்க்கிறேன். ஆண்டில் இப்படி இரண்டு மாதத்துக்கு இடம் விடாத எந்தக் கணக்கும் நம் ஊர் வாழ்க்கைக்கு ஒத்துவராது.

வாரம் ஒரு முறை, காலையில், வெறும் வயிற்றில் எடை பாருங்கள். உப்பு கூடினாலும் மாதவிலக்கை ஒட்டியும் ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்கும். அது கொழுப்பு அல்ல, தண்ணீர். நாலு வாரத்துக்குக் குறைவாக எதையும் முடிவு செய்யாதீர்கள். எடை குறையக் குறைய உடம்பின் தேவையும் குறையும். 74 கிலோவிலிருந்து 66-க்கு வந்தபோது என் செலவு நாளுக்கு நூறு கலோரிக்கு மேல் இறங்கிவிட்டது. அதனால் எடை இறங்கும் வேகமும் மட்டுப்பட்டது. அப்போது தட்டிலிருந்து இன்னும் எடுக்காமல், வாரத்தில் சில மாலைகள் கோயில் பாதையில் பாதி தூரம் நடக்கத் தொடங்கினேன்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒரு கலோரியும் குறைக்க வேண்டாம். மற்றவர்கள் இந்த மாத மளிகைச் சீட்டில் எண்ணெய் எத்தனை லிட்டர் என்று பார்த்துவிட்டு, நாளை காலை முதல் சாப்பிடுவதை எழுதத் தொடங்குங்கள்.