'தைத்தவ': வல்லாரைச் சுட்டும் ஒரு சொல்

சித்தூரில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தினன் நான். திருப்பதியில் வேதியியல் முதுகலை பயில்கின்றேன். அண்மையில் கற்ற பின்லாந்து மொழிச் சொல்லொன்றைத் தோழர்கள் முன் வைக்க விழைகின்றேன்.

அச்சொல் 'தைத்தவ'. நம் 'தைத்த' என்பதோடு அதற்கு உறவில்லை. 'தைத்தா' என்னும் வினைக்குச் 'செய்யத் தெரிதல்' என்பது பொருள். அவ்வினையடியோடு 'வ' சேர, 'செய்யத் தெரிந்த' என்னும் பெயரெச்சம் பிறக்கிறது. 'தைத்தவ பீர்த்தாயா' என்றால் கைதேர்ந்த வரைவாளர். ஆணுக்கும் பெண்ணுக்கும் சொல் ஒன்றே.

தெலுங்கிலும் 'நேர்ச்சு' என்பது கற்றல். அதன் வழிவந்த 'நேர்பரி' வல்லுநரைக் குறிக்கும். 'கைதேர்ந்த' என்னும் நம் சொல்லிலும் பயிற்சியே பேசுகிறது.

மும்மொழியும் இவ்வாறிருக்க, நாம் 'பிறவித் திறமை' என்று எளிதிற் சொல்லிவிடுகின்றோம். திருப்பதிக்கு அணித்தான திருக்காளத்தியில், பாலும் கடுக்காயும் ஊட்டிய துணியில் மூங்கில் எழுதுகோலால் கலங்காரி வரைவோரையும் அவ்வாறே புகழ்கின்றோம். அவர் பயின்ற ஆண்டுகள் அப்புகழில் மறைகின்றன. கூலி பேசுங்கால் அவ்வாண்டுகளுக்கு விலை வைப்பாரில்லை. நமக்கோ, முயலாதிருக்க அது நல்ல சாக்காகிறது.

ஆய்வுக்கூடத்தில் துளித்துளியாய்க் கரைசல் விடும் கைக்கும் இதுவே நியதி. ஆதலின் தோழர்களே, வல்லாரைக் கண்டால் 'நன்கு கற்றவர்' என்போம். அவர் கற்றதாயின், நாமும் கற்கலாமன்றோ?