பேங்க் மெர்ஜர்: டெபாசிட்டுக்கு ஒரு கணக்கு, ஷேருக்கு வேற கணக்கு!

"எங்க பேங்கை இன்னொரு பேங்கோட இணைக்கிறாங்களாம், பணத்தை எடுத்துடலாமா?" மெர்ஜர் செய்தி வரும்போதெல்லாம் வர்ற கேள்வி இது. பதில் ரெண்டு விஷயத்தைப் பொறுத்தது. ஒண்ணு, அந்த இணைப்பு ஏன் நடக்குது? ரெண்டு, அந்த பேங்க்ல நீங்க டெபாசிட் போட்டவரா, ஷேர் வாங்கினவரா?

ஏன் இணைக்கிறாங்க?

முதல் வகை, அரசு எடுக்கிற முடிவு. 2020 ஏப்ரல் 1 அன்னைக்கு மட்டும் 10 பொதுத்துறை வங்கிகள் 4 ஆச்சு. சென்னையைத் தலைமையிடமா கொண்ட இந்தியன் வங்கியோட கொல்கத்தாவின் அலகாபாத் வங்கி இணைஞ்சது. ஒண்ணு தெற்கில் பலம், இன்னொண்ணு வடக்கிலும் கிழக்கிலும் பலம். கனரா வங்கி, சிண்டிகேட் வங்கி ரெண்டுமே கர்நாடகாவில் பிறந்தவை. ஒரே தெருவில் ரெண்டு கிளை எதுக்கு, ரெண்டு சாஃப்ட்வேர் எதுக்குன்னு செலவைக் குறைக்கலாம். பெரிய வங்கியா இருந்தா பெரிய கடனும் கொடுக்க முடியும்.

ரெண்டாவது வகை, தொழிலை வளர்க்கிறதுக்காக ரெண்டு தனியார் வங்கிகள் பேசி முடிக்கிறது. 2015-ல கோடக் மஹிந்திரா வங்கி, ஐஎன்ஜி வைஸ்யா வங்கியை இணைச்சுக்கிட்டது இப்படித்தான். தென்னிந்தியாவில் ஒவ்வொரு கிளையா திறக்கிறதுக்குப் பதிலா, ஏற்கெனவே இருக்கிற கிளைகளும் வாடிக்கையாளர்களும் மொத்தமா கிடைச்சாங்க.

மூணாவது வகை, மூழ்குற வங்கியைக் காப்பாத்துறது. நாம கவனமா பார்க்க வேண்டியது இதைத்தான்.

மூலதனம் கரைஞ்சா என்ன ஆகும்?

ரிஸ்க் கணக்கில் 100 ரூபாய் கடன் கொடுத்தா, அதுக்கு எதிரா குறைஞ்சது 9 ரூபாயாவது மூலதனம் இருக்கணும்னு ரிசர்வ் வங்கி சொல்லுது. கடன் திரும்ப வரலைன்னா நஷ்டம் முதல்ல இந்த மூலதனத்தைத்தான் தின்னும். அது கரைஞ்சதும் புது முதலீட்டாளர் வரணும். இல்லைன்னா மூலதனம் வச்சிருக்கிற இன்னொரு வங்கி கைகொடுக்கணும்.

1926-ல கரூர்ல தொடங்கின லக்ஷ்மி விலாஸ் வங்கிக்கு நடந்தது இதுதான். வாராக்கடன், மொத்தக் கடன்ல கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு அளவுக்குப் போச்சு. 2020 நவம்பர் 17-ல, 25,000 ரூபாய்க்கு மேல எடுக்க முடியாதுன்னு கட்டுப்பாடு வந்தது. நவம்பர் 27-ல அது டிபிஎஸ் வங்கியின் இந்திய நிறுவனத்தோட இணைக்கப்பட்டது. டிபிஎஸ் 2,500 கோடி ரூபாய் மூலதனம் கொண்டுவந்தது.

முடிவைப் பாருங்க. டெபாசிட் போட்டவங்களுக்கு முழுப் பணமும் பத்திரம். ஷேர் வச்சிருந்தவங்களுக்குக் கிடைச்சது பூஜ்யம். அதிக வட்டிக்காக அந்த வங்கியோட டயர்-2 பாண்டு வாங்கினவங்களுக்கும் பூஜ்யம்; சுமார் 318 கோடி ரூபாய் அப்படியே தள்ளுபடி. அலகாபாத் வங்கி ஷேர்ஹோல்டர்களுக்கோ ஒவ்வொரு 1,000 ஷேருக்கும் 115 இந்தியன் வங்கி ஷேர் கிடைச்சது. ரெண்டுமே மெர்ஜர்தான், ஆனா ஷேர்ஹோல்டருக்கு விளைவு வேற வேற. அதனால "மெர்ஜர் ஆகப் போகுதாம், ஷேர் ஏறும்"னு யாராவது சொன்னா, அது எந்த வகை மெர்ஜர்னு முதல்ல கேளுங்க.

உங்க வேலை என்ன?

1. 5 லட்சம் கணக்கைத் திரும்பப் போடுங்க. டெபாசிட் இன்ஷூரன்ஸ் ஒரு வங்கியில் ஒருத்தருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான். ஒரு வங்கியில் 4 லட்சம், இன்னொண்ணுல 3 லட்சம் வச்சிருந்தா 7 லட்சத்துக்கும் பாதுகாப்பு இருந்தது. ரெண்டும் ஒரே வங்கி ஆனதும் 5 லட்சத்துக்குத்தான் பாதுகாப்பு. மீதி 2 லட்சத்தை வேற வங்கிக்கு மாத்துறதைப் பத்தி யோசிங்க.

2. ஐஎஃப்எஸ்சி கோடு மாறுதான்னு பாருங்க. மாறினா ஆபீஸ் எச்ஆர், பிஎஃப் போர்ட்டல், வருமான வரி ரீஃபண்ட் அக்கவுண்ட், மியூச்சுவல் ஃபண்ட் எல்லா இடத்திலும் அப்டேட் பண்ணணும். பழைய செக் புக் எந்தத் தேதி வரை செல்லும்னும் கேட்டுக்கோங்க.

3. எஃப்டி இருந்தா அவசரப்பட்டு உடைக்காதீங்க. பொதுவா பழைய வட்டி முதிர்வு வரைக்கும் தொடரும். ரினியூ பண்ணும்போதுதான் புது வங்கி ரேட் வரும். நடுவில் உடைச்சா நஷ்டம் உங்களுக்குத்தான்.

4. எமர்ஜென்சி ஃபண்டை சேலரி அக்கவுண்ட் இருக்கிற அதே வங்கியில் மொத்தமா வைக்காதீங்க. லக்ஷ்மி விலாஸ் வாடிக்கையாளர்களுக்குப் பணம் போகலை, ஆனா 10 நாள் கை கட்டப்பட்டிருந்தது. வாடகையும் இஎம்ஐயும் அந்த 10 நாளுக்குள்ள வந்தா எங்கிருந்து கட்டுவீங்க? இன்னொரு வங்கியில் ஒரு மாசச் செலவுக்காவது பணம் இருக்கட்டும். இதுக்கு மெர்ஜர் செய்தி வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இந்த மாசச் சம்பளத்திலேயே ஆரம்பிக்கலாம்.