கேஸ் முடியும்வரை காத்திருக்க வேண்டாம்: குறைந்த வாடகை வீட்டுக்கு இப்போதே பதியுங்கள்

ரொறன்ரோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கான பாடம்

கனடாவுக்கு வந்து அகதிக் கோரிக்கை கொடுத்தவர்களிடம் "வீட்டுக்குப் பதிந்துவிட்டீர்களா?" என்று கேட்டால், அநேகமானவர்கள் சொல்லும் பதில் ஒன்றுதான். "கேஸ் முடியட்டும், பிறகு பாப்பம்."

இது பிழையான எண்ணம். ஒன்ராறியோ மாகாணச் சட்டப்படி, அகதிக் கோரிக்கை கொடுத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் ஒருவர் வருமானத்துக்கேற்ற வாடகை வீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். குடியுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ கையில் இருக்கவேண்டும் என்று இல்லை. ரொறன்ரோவில் ஒரு படுக்கையறை வீட்டுக்கு 10 வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டி வருகிறது. கேஸ் முடியும்வரை நீங்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் அந்த வரிசையில் உங்களைப் பின்னுக்குத் தள்ளும்.

இந்த வீடுகளைக் கட்டுவது யார், எப்படிப் பதிவது, பதிந்ததை எப்படிக் காப்பாற்றுவது என்பதை இந்தப் பாடத்தில் படிப்படியாகப் பார்ப்போம்.

1. இலாபநோக்கற்ற வீடு என்றால் என்ன?

தனியார் கட்டடம் ஒன்றில் நீங்கள் கொடுக்கும் வாடகையில் சொந்தக்காரருக்கு இலாபம் போகும். இலாபநோக்கற்ற நிறுவனம் கட்டிய வீட்டில் அப்படி இல்லை. கோயில், தேவாலயம், சமூக அமைப்பு, தொழிற்சங்கம் போன்றவை சேர்ந்து ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்கின்றன. நகரசபையிடமோ தேவாலயத்திடமோ குறைந்த விலையில் காணி கிடைக்கும். அரசாங்கம் கடனும் மானியமும் கொடுக்கும். வீட்டுக்காரர்களிடம் வாங்கும் வாடகை கடன் கட்டவும், திருத்த வேலைக்கும், வேலையாட்களின் சம்பளத்துக்கும் போகிறது. மிச்சம் வந்தால் அது கட்டடத்துக்கே திரும்பிப் போகும்.

ரொறன்ரோவில் இப்படிப்பட்ட நிறுவனங்கள் பல உள்ளன. 1937 இல் தொடங்கிய வூட்கிரீன் அவற்றில் ஒன்று. வீடு கொடுப்பதோடு இது நின்றுவிடுவதில்லை. 2004 இல் "ஹோம்வேர்ட் பவுண்ட்" என்ற திட்டத்தைத் தொடங்கி, தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மாருக்கு வீடு, கல்லூரிப் படிப்பு, பிள்ளை பராமரிப்பு மூன்றையும் சேர்த்துக் கொடுத்து வருகிறது. இதில் சேரத் தனி நிபந்தனைகள் உண்டு.

இன்னொரு வகை கூட்டுறவு வீடு, அதாவது கோ-ஒப். இங்கே குடியிருப்பவர்களே அங்கத்தவர்கள். ஒரு அங்கத்தவருக்கு ஒரு வாக்கு. நிர்வாக சபையை அவர்களே தெரிவு செய்கிறார்கள். கூட்டத்துக்குப் போவது, குழுவில் வேலை செய்வது போன்ற கடமைகளும் உண்டு. ரொறன்ரோவில் வேட் அவெனியூவில் "தமிழ் கோ-ஒபரேற்றிவ் ஹோம்ஸ்" என்று தமிழின் பெயரிலேயே ஒரு கூட்டுறவுக் கட்டடம் இருக்கிறது. 1983 க்குப் பிறகு வந்து சேர்ந்த எங்கள் சனத்துக்கும் இந்த வழி புதிதல்ல.

2. வரிசை ஏன் இவ்வளவு நீளம்?

1973 இல் மத்திய அரசு சட்டத்தைத் திருத்தி, இலாபநோக்கற்ற வீடுகளுக்கும் கோ-ஒப் வீடுகளுக்கும் பணம் கொடுக்கத் தொடங்கியது. இன்று நாங்கள் பார்க்கும் கட்டடங்களில் பெரும்பகுதி அந்த இருபது வருடத்தில் எழுந்தவை. 1993 இல் மத்திய அரசு புதிய வீடுகளுக்குக் கொடுத்து வந்த பணத்தை நிறுத்தியது. 1995 இல் ஒன்ராறியோ அரசும் நிறுத்தியது. சனத்தொகை கூடியது, வீடு கூடவில்லை. 2017 இல் தேசிய வீடமைப்புத் திட்டம் அறிவிக்கப்பட்ட பிறகு மீண்டும் கட்டுகிறார்கள். ஆனாலும் இடையில் விட்ட வருடங்களின் குறை இன்னும் தீரவில்லை.

இதை ஏன் சொல்கிறோம் என்றால், வீடு கிடைக்கத் தாமதமாவதற்கு உங்கள் கேஸோ உங்கள் நாடோ காரணம் அல்ல. எல்லாரும் அதே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

3. யார் பதியலாம்?

- வீட்டில் குறைந்தது ஒருவருக்கு 16 வயது நிறைந்திருக்க வேண்டும்.
- வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் குடியுரிமை உள்ளவராகவோ, நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பித்தவராகவோ, அதைப் பெற்றவராகவோ, அகதிக் கோரிக்கை கொடுத்தவராகவோ இருக்க வேண்டும்.
- அமுலுக்கு வந்துவிட்ட வெளியேற்றக் கட்டளை ஒருவருக்கும் இருக்கக்கூடாது.

மூன்றாவதைப் படித்துப் பயப்பட வேண்டாம். அகதிக் கோரிக்கை கொடுக்கும்போது எல்லாருக்கும் ஒரு நிபந்தனையுடனான வெளியேற்றக் கட்டளை தருவார்கள். கோரிக்கை விசாரணையில் இருக்கும்வரை அது அமுலுக்கு வராது. அந்தக் கடதாசி கையில் இருப்பதால் பதியமுடியாது என்று நினைத்து ஒதுங்க வேண்டாம்.

விசிற்றர் விசாவில் வந்து இன்னும் கோரிக்கை கொடுக்காதவர்கள் இப்போது பதியமுடியாது. கோரிக்கை கொடுத்த பிறகு பதியலாம்.

4. எங்கே, எப்படிப் பதிவது?

இரண்டு வரிசைகள் இருக்கின்றன. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

முதலாவது, வருமானத்துக்கேற்ற வாடகை வீட்டுக்கான வரிசை. ரொறன்ரோவில் நகரசபை இதை ஒரே பட்டியலாக வைத்திருக்கிறது. நகரசபைக் கட்டடங்கள், இலாபநோக்கற்ற கட்டடங்கள், கோ-ஒப் கட்டடங்கள் எல்லாவற்றிலும் உள்ள மானிய வீடுகளுக்கு இந்த ஒரு விண்ணப்பம் போதும். "மை அக்சஸ் ரு ஹவுசிங் ரி.ஓ." என்ற நகரசபை இணையப் பக்கத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கொம்பியூட்டர் பழக்கம் இல்லாவிட்டால் நூலகத்திலோ குடியேற்ற உதவி நிலையத்திலோ உதவி கேளுங்கள்.

இரண்டாவது, மானியம் இல்லாத வீடுகளுக்கான வரிசை. இலாபநோக்கற்ற கட்டடங்களிலும் கோ-ஒப்களிலும் சில வீடுகள் சந்தை வாடகைக்கோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ விடப்படும். இதற்கு அந்தந்த நிறுவனத்திடம் நேரே விண்ணப்பிக்க வேண்டும். சில இடங்களில் வரிசை மூடியிருக்கும். எப்போது திறப்பார்கள் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருவர் வேலை செய்தால் இந்த வழியில் கெதியாக வீடு கிடைக்க இடமுண்டு.

மத்திய பட்டியலில் பதிய ஒரு சதமும் கொடுக்கத் தேவையில்லை. "ஆளைத் தெரியும், காசு தந்தால் முன்னுக்கு எடுத்துத் தருவன்" என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். அப்படி ஒரு வழியே இல்லை.

வீட்டில் அடி, மிரட்டல், துன்புறுத்தல் இருந்து வெளியேற வேண்டிய நிலையில் உள்ளவர்களுக்கும், ஆட்கடத்தலில் அகப்பட்டு மீண்டவர்களுக்கும் பட்டியலில் விசேட முன்னுரிமை உண்டு. இது கணவருக்குத் தெரியாமலே விண்ணப்பிக்கக்கூடியது. தாமதிக்காமல் ஒரு சமூக உதவியாளரிடமோ டொக்ரரிடமோ சொல்லுங்கள். அவருடைய கடிதம் உதவும்.

5. பதிந்த பிறகுதான் வேலை இருக்கிறது

பெயர் பதிந்துவிட்டால் போதும் என்று இருந்து, வருடக்கணக்காகக் காத்த இடத்தை இழந்தவர்கள் உண்டு. காரணம் மிகச் சின்னது. விலாசம் மாறியது, சொல்லவில்லை. கடிதம் வந்தது, ஆங்கிலம் என்று ஃபிரிட்ஜுக்கு மேலே போட்டுவிட்டார்கள்.

- வருடத்துக்கு ஒரு தடவை விண்ணப்பத்தைத் திறந்து விபரம் சரியா என்று பார்த்து உறுதி செய்யுங்கள். செய்யாவிட்டால் பட்டியலில் பெயர் நின்றுபோகும்.
- விலாசம், ரெலிபோன் நம்பர், மின்னஞ்சல் மாறினால் உடனே மாற்றுங்கள்.
- பிள்ளை பிறந்தால், குடும்பத்தார் வந்து சேர்ந்தால், பிரிந்தால் அதையும் சொல்லுங்கள்.
- தெரிவு செய்யும்போது உண்மையில் போய் இருக்கக்கூடிய இடங்களை மட்டும் தெரிவு செய்யுங்கள். முன்பு மூன்று தடவை மறுக்கலாம் என்று இருந்தது. இப்போது தகுந்த காரணம் இல்லாமல் ஒரு தடவை மறுத்தாலே பெயர் நீக்கப்படலாம். பழைய ஆட்கள் சொல்லும் "மூண்டு சான்ஸ் இருக்கு" என்ற கதையை நம்பி மறுக்கவேண்டாம்.

இன்னும் முக்கியமான ஒன்று. வீடு மாறினால் அகதிச் சபைக்கும், குடிவரவு இலாகாவுக்கும், எல்லைச் சேவைக்கும் தனித்தனியாகப் புதிய விலாசம் அறிவிக்க வேண்டும். லோயருக்குச் சொன்னதோடு நின்றுவிட வேண்டாம். விசாரணை அறிவித்தல் பழைய வீட்டுக்குப் போய், நீங்கள் விசாரணைக்குப் போகாவிட்டால், கோரிக்கையைக் கைவிட்டதாக முடிவெடுக்க இடமுண்டு. வீட்டை மாற்றப்போய் கேஸை இழக்கக்கூடாது.

6. வாடகை எப்படிக் கணக்கிடுவார்கள்?

பொதுவாக வீட்டின் நிகர வருமானத்தில் நூற்றுக்கு 30. உதாரணமாக, வருட வருமானம் 24,000 டொலர் என்றால் மாதத்துக்கு 2,000. அதில் நூற்றுக்கு 30 என்றால் வாடகை 600 டொலர். வேலை போனால் வாடகையும் குறையும். சமூக உதவிப்பணம், அதாவது வெல்பெயர் எடுப்பவர்களுக்குத் தனி அட்டவணை உண்டு.

தனி ஆளுக்கு வெல்பெயரில் கிடைப்பது மாதம் 733 டொலர் மட்டுமே. அதில் வீட்டுக்கென்று கணக்கிடுவது 390. வெளியில் ஒரு அறைகூட இந்தக் காசுக்குக் கிடைப்பது கஷ்டம். மானிய வீட்டின் அருமை இந்தக் கணக்கில் விளங்கும்.

வாடகையைப் பெரும்பாலும் வருமானவரிக் கணக்கை வைத்தே பார்ப்பார்கள். ஆகவே வருமானம் இல்லாத வருடத்திலும் வரிப் பத்திரம் நிரப்பிக் கொடுங்கள். ஊரில் உங்கள் பெயரில் வீடு இருந்தால் மறைக்கவேண்டாம். அது தகுதியைப் பாதிக்கலாம். முதலில் சட்ட உதவி மையத்தில் கேளுங்கள். மானிய வீட்டை இன்னொருவருக்கு வாடகைக்கு விடுவதும் கூடாது.

7. வீடு வரும்வரை

தங்க இடமில்லாதவர்கள் நகரசபையின் மத்திய பதிவுக்கு, 416-338-4766, ரெலிபோன் எடுக்கலாம். 211 க்கு அடித்து "தமிழ்" என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை எடுத்துத் தருவார்கள். அகதிகளுக்கென்றே உள்ள ரொமேரோ ஹவுஸ், சோஜோர்ன் ஹவுஸ், எஃப்.சி.ஜே. அகதி நிலையம் போன்ற இடங்கள் தற்காலிகத் தங்குமிடத்தோடு பத்திரம் நிரப்பவும் லோயர் தேடவும் உதவுகின்றன. இடம் குறைவு, ஆனாலும் கேட்டுப் பாருங்கள்.

தனியாரிடம் வாடகைக்குப் போனால்:

- முதல் மாத வாடகையும் கடைசி மாத வாடகையும் மட்டுமே முற்பணமாகக் கேட்கலாம். உடைவு சேதத்துக்கென்று வைப்புப் பணம் கேட்பது சட்டத்துக்கு மாறு.
- வாடகைக்கு ரசீது கேளுங்கள். இலவசமாகத் தரவேண்டும். இந்த ரசீதுகள் பின்னால் கோ-ஒப் நேர்முகத்தில் உதவும்.
- வெல்பெயர் எடுப்பவர் என்பதற்காகவோ, அகதி என்பதற்காகவோ வீடு மறுப்பது மனித உரிமைச் சட்டத்துக்கு மாறானது.
- சொந்தக்காரரோடு சமையலறையோ குளியலறையோ பகிர்ந்து இருந்தால், வாடகைக்காரர் சட்டத்தின் பாதுகாப்பு உங்களுக்குக் கிடைக்காது. தெரிந்த ஆள்தானே என்று போனாலும் இதை மனதில் வைத்திருங்கள்.

8. வீடு கிடைத்த பிறகு

வாடகை கட்ட முடியாமல் போகும் மாதம் யாருக்கும் வரலாம். வெட்கத்தில் ஒளிக்கவேண்டாம். இலாபநோக்கற்ற கட்டடங்கள் பலவற்றில் குடியிருப்பாளருக்கு உதவ என்றே ஒரு அலுவலர் இருப்பார். நிலுவையைத் தவணையாகக் கட்ட ஒழுங்கு செய்வது, ரொறன்ரோ வாடகை வங்கிக்கு விண்ணப்பிப்பது, பிள்ளைகளுக்குப் பின்னேர வகுப்புக் காட்டுவது எல்லாம் அவருடைய வேலை. ஒரு மாத நிலுவையோடு போனால் அவரால் உதவமுடியும். நாலு மாதம் கழித்துப் போனால் அவர் கையிலும் ஒன்றும் இராது.

வெளியேறச் சொல்லி ஒரு கடிதம் வந்தவுடன் சாமானைக் கட்டவேண்டாம். வீட்டுச் சொந்தக்காரர் - வாடகைக்காரர் சபையின் கட்டளை இல்லாமல் ஒருவரும் உங்களை வெளியேற்ற முடியாது. அந்தக் கட்டளையை நிறைவேற்றும் அதிகாரமும் ஷெரிஃப்புக்கு மட்டுமே. 2014 முதல் கோ-ஒப் வீடுகளின் வெளியேற்ற வழக்குகளும் இதே சபைக்குத்தான் போகின்றன. கடிதத்தை எடுத்துக்கொண்டு அன்றே சட்ட உதவி மையத்துக்குப் போங்கள்.

இந்தக் கிழமை செய்யவேண்டியவை

1. அகதிக் கோரிக்கைப் பத்திரம், சமூகக் காப்புறுதி இலக்கம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், வருமான விபரம் ஆகியவற்றை ஒரு ஃபைலில் சேருங்கள்.
2. மத்திய பட்டியலில் பதியுங்கள். விண்ணப்ப இலக்கத்தை இரண்டு இடத்தில் எழுதி வையுங்கள்.
3. பக்கத்தில் உள்ள மூன்று இலாபநோக்கற்ற கட்டடங்களுக்கோ கோ-ஒப்களுக்கோ ரெலிபோன் எடுத்து, அவர்களுடைய வரிசை திறந்திருக்கிறதா என்று கேளுங்கள்.
4. அடுத்த வருடம் இதே திகதியைக் கலண்டரில் குறித்து "வீட்டு விண்ணப்பம் புதுப்பிக்க" என்று எழுதுங்கள்.

பத்திரம் விளங்காவிட்டால் தனியாகப் போராட வேண்டாம். எங்கள் அலுவலகத்துக்கு ஃபைலோடு வாருங்கள், இருந்து சேர்ந்து நிரப்புவோம். வீடு இன்றைக்கே கிடைக்காது. ஆனால் வரிசையில் உங்கள் இடம் இன்றைக்கே தொடங்கலாம்.