மனச்சுமையும் உடல்நலமும்: சங்க அங்கத்தினர்க்கு ஒரு பாடம்

பாவுக்குக் கஞ்சியின் பதம் தவறினால் இழை அறும் என்பதை நெசவாளர்க்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. வேர் அழுகினால் இலை மஞ்சளாகும் என்பதை உழவர்க்கு எவரும் சொல்ல வேண்டுவதில்லை. கண்ணுக்குத் தெரியும் கேட்டிற்குக் காரணம் வேறோர் இடத்தில் இருக்கலாம் என்பதை நம் தொழிலே நமக்குக் கற்பித்திருக்கிறது. ஆயினும் நம் உடல் திறத்தில் அந்த அறிவை நாம் பயன்படுத்துவதில்லை. தூக்கம் கெடுகிறது, பசி மந்தமாகிறது, தலை கனக்கிறது, மார்பு படபடக்கிறது. தலைவலிக்கு ஒரு மாத்திரை, வயிற்றெரிச்சலுக்கு ஒரு சோடா என்று நாட்களைக் கடத்துகிறோம். இவற்றின் வேர் மனத்தில் இருக்கக்கூடும் என்று நினைத்துப் பார்ப்பவர் சிலரே. ஆதலின் இம்மாதப் பாடமாக, வாழ்க்கையின் பெருந்திருப்பங்களில் மனத்தையும் உடலையும் ஒருங்கே பேணும் முறையை எடுத்துக்கொள்வோம்.

திருப்பங்கள் எவை?

சேலத்திற்கும் விருத்தாசலத்திற்கும் இடையே ஓடும் இருப்புப்பாதையில் நம் சின்னசேலம் நிலையம் இருக்கிறது. அங்கே சிறிது நேரம் நின்று பார்த்தால் போதும். பையுடன் வெளியூர் வேலைக்குப் புறப்படும் மகனையும், வழியனுப்ப வந்த பெற்றோரையும் காணலாம். வண்டி போன பிறகு அவ்வில்லத்தின் நடைமுறை முழுவதும் மாறிவிடுகிறது. மகளை மணம் செய்து கொடுத்த தாய், கணவனை இழந்த பெண், முதற்குழந்தை பெற்ற இளம்பெண், கண் மங்கித் தறியை விட்டு இறங்கிய முதியவர், இரண்டு பருவம் அடுத்தடுத்துப் பொய்த்த மக்காச்சோள உழவர், கல்வராயன் மலையிலிருந்து பிழைப்புத் தேடிச் சமவெளிக்கு இறங்கும் குடும்பம் ஆகியோர் அனைவரும் இத்தகைய திருப்பத்தில் நிற்பவரே.

அமெரிக்க நாட்டு மருத்துவ அறிஞர்களான தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்டு ராஹே என்னும் இருவர் 1967ஆம் ஆண்டில் இத்தகைய 43 நிகழ்ச்சிகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றின் சுமைக்கும் ஓர் எண் கொடுத்தனர். வாழ்க்கைத்துணையின் மரணத்திற்கு 100, திருமணத்திற்கு 50, தொழிலிலிருந்து ஓய்வு பெறுவதற்கு 45. வேற்று நாட்டு மக்களைக் கொண்டு வகுத்த இவ்வெண்கள் நமக்கு அப்படியே பொருந்தா. ஆனால் அப்பட்டியலில் கவனிக்கற்பாலது ஒன்று உண்டு. திருமணம் போன்ற மகிழ்ச்சியான நிகழ்ச்சிக்கும் அதில் எண் இருக்கிறது. மங்கல காரியமாயினும், பழகிய வாழ்வு புரளும்போது மனமும் உடலும் அதற்கு விலை கொடுக்கின்றன. ஆகவே, “நல்ல காரியம்தானே நடந்தது, ஏன் இப்படி வாடியிருக்கிறாய்?” என்று எவரையும் கடிதல் தகாது.

உடலில் நிகழ்வது என்ன?

வரப்பில் பாம்பைக் கண்டால் நம் உடல் என்ன செய்கிறது? சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலின், கார்ட்டிசால் என்னும் நீர்களை இரத்தத்தில் விடுகின்றன. நெஞ்சு வேகமாக அடிக்கிறது, மூச்சு விரைகிறது, தசைகள் முறுக்கேறுகின்றன, செரிமானம் பின்தங்குகிறது. தப்பி ஓடுவதற்கு இவை உதவுகின்றன. பாம்பு போன பின் உடல் பழைய நிலைக்குத் திரும்புகிறது.

கடன் கவலையோ, பிரிவின் துயரமோ அப்படி விலகிப் போவதில்லை. அது மாதக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே தங்கிவிட்ட பாம்பை ஒக்கும். சுரப்பிகள் ஓய்வதில்லை. அதனால்தான் கழுத்தும் முதுகும் வலிக்கின்றன; வயிறு கெடுகிறது; இரத்த அழுத்தம் ஏறுகிறது; நள்ளிரவில் விழிப்பு வருகிறது. இவ்வலிகள் பாசாங்கு அல்ல, கற்பனையும் அல்ல, மெய்யான வலிகளே.

இதன் மறுபுறமும் உண்டு. இரத்தச் சோகை, தைராய்டுக் குறைவு, சர்க்கரை நோய் முதலியன சோர்வையும் மனத்தளர்ச்சியையும் தோற்றுவிக்கும். ஆதலின் எல்லாவற்றையும் “மனக்கவலைதான்” என்று தள்ளிவிடுவதும் பிழை. முதலில் உடலைச் சோதித்துப் பார்த்தல் வேண்டும். 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கப்பெற்ற மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஊழியர் வீட்டுக்கு வந்து இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்க்கையில், தூக்கமின்மையையும் மறைக்காமல் சொல்லுதல் நலம்.

உடல் வழியே மனத்தைப் பேணல்

முதலாவது, மூச்சு. நான்கு எண்ணும் வரை மெல்ல மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல விடுக. இவ்வாறு ஐந்து நிமிடம், காலையிலும் படுக்கும் முன்னும் செய்க. வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணிகிறது என்பது உடலியல் உண்மை. இதற்குச் செலவில்லை, தனி இடமும் வேண்டுவதில்லை.

இரண்டாவது, உடலசைவு. இதில் நெசவாளரின் தேவை வேறு, உழவரின் தேவை வேறு. நாள் முழுதும் குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு அமர்பவருக்கு நடை வேண்டும். மாலையில் அரைமணி நேரம் கடைத்தெரு வரையாவது நடந்து வருதல் மனத்திற்கும் மருந்தாகும். பகலெல்லாம் வெயிலில் களையெடுத்தவருக்கு வேண்டுவது மேலும் உழைப்பன்று. கால் நீட்டி அமர்ந்து மூச்சைச் சீராக்கும் ஓய்வு. இருவர்க்கும் ஒரே அறிவுரையைக் கூறுவது ஒரே விதையை எல்லா மண்ணிலும் தூவுவது போன்றது.

மூன்றாவது, உணவும் உறக்கமும். துயரத்தில் இருப்பவர் உணவை விட்டுத் தேநீரிலேயே பொழுதைக் கழிப்பதை நாம் காண்கிறோம். மாலைக்குப் பின் தேநீரைக் குறைத்து, உரிய வேளையில் சிறிதேனும் உண்ண வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் எழுதல் உறக்கத்தை மெல்ல மெல்ல ஒழுங்குக்குக் கொண்டுவரும்.

நான்காவது, மதுவை மருந்தென்று எண்ணாமை. குடி முதலில் மயக்கத்தைத் தரும். இரவின் பிற்பகுதியில் உறக்கத்தைக் குலைக்கும். மறுநாள் துயரத்தைப் பெருக்கும். 2024 ஜூன் மாதத்தில் நம் மாவட்டத் தலைநகரின் கருணாபுரத்திலும் அதன் சுற்றுப்புறங்களிலும் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60க்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் மறக்கவில்லை. அதனால் கணவனையும் தந்தையையும் இழந்த குடும்பங்கள் இன்றும் நம்மிடையே வாழ்கின்றன. மாண்டவரைப் பழித்துப் பயனில்லை. உடல் நோவையும் மனப் பாரத்தையும் இறக்கி வைக்க வேறு இடம் இல்லாதவன் சாராயக் கடையைத் தேடுகிறான் என்பதை உணர்ந்து, அந்த வேறு இடத்தை உண்டாக்குவதே நம் கடமை.

பேச்சும் ஒரு மருந்தே

அந்த இடம் எப்படி இருக்கும் என்பதற்கு ஆப்பிரிக்காக் கண்டத்தின் ஜிம்பாப்வே நாட்டிலிருந்து ஒரு சான்று கிடைக்கிறது. அந்நாட்டில் மனநோய் மருத்துவர் மிகச் சிலரே. தலைநகரான ஹராரேயில் டிக்சன் சிபாண்டா என்னும் மருத்துவர் 2006ஆம் ஆண்டில் 14 பாட்டிமாருக்குப் பயிற்சி தந்தார். சுகாதார நிலையத்தின் முற்றத்தில் ஒரு மரப்பலகை இட்டு, துயருற்றவர் வந்தமர்ந்து பாட்டியிடம் பேச ஏற்பாடு செய்தார். “அளவுக்கு மீறி நினைத்தல்” என்று பொருள்படும் சொல்லால் அம்மக்கள் இந்நோயைக் குறிக்கின்றனர். நம் ஊரிலும் “யோசனையிலேயே இளைத்துப் போனான்” என்கிறோம் அல்லவா?

பாட்டிமார் செய்தது இதுவே: வந்தவர் தம் குறைகள் அனைத்தையும் சொல்லக் கேட்டனர், அவற்றுள் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் செய்தனர், அதைத் தீர்க்க இவ்வாரம் செய்யக்கூடிய ஒரு செயலை அவர் வாயாலேயே சொல்ல வைத்தனர், அடுத்த முறை அது நடந்ததா என்று விசாரித்தனர். 2016ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், 24 சுகாதார நிலையங்களில் 573 பேரைக் கொண்டு இம்முறையைச் சோதித்தனர். ஆறு மாதங்களுக்குப் பின், வழக்கமான சிகிச்சை பெற்றவருள் 49.9 சதவிகிதத்தினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்டன. பலகையில் அமர்ந்தவருள் 13.7 சதவிகிதத்தினரிடம் மட்டுமே காணப்பட்டன. பலகையில் பேசிய பெண்கள் பின்னர்க் குழுவாகக் கூடிப் பைகள் பின்னி விற்றனர். கூடிப் பேசுவதும் கூடி உழைப்பதும் அங்கே ஒன்றையொன்று தாங்கின. கூட்டுறவாளராகிய நமக்கு இது புதிய தத்துவம் அன்று.

பதினேழாம் நாள்

நம் முன்னோர் இதை அறியாதவர் அல்லர். சாவு விழுந்த வீட்டில் உறவினர் கூடுகின்றனர். பக்கத்து வீட்டார் சமைத்துக் கொண்டுவருகின்றனர். பதினாறாம் நாள் காரியம் வரை அவ்வீட்டில் ஆள் நடமாட்டம் இருக்கிறது. பதினேழாம் நாள் வீடு வெறிச்சோடிவிடுகிறது. உண்மையான தனிமை அன்றுதான் தொடங்குகிறது. கடன் எவ்வளவு, பட்டா யார் பெயரில், பிள்ளையின் பள்ளிக்கட்டணம் எப்படி என்னும் கேள்விகளும் அன்றுதான் வருகின்றன.

ஆகவே நாம் சங்கங்களுக்கு ஒரு யோசனை கூறுகிறோம். அங்கத்தினர் இல்லத்தில் மரணம் நேர்ந்தால், பதினேழாம் நாளில் இருவர் சென்று வரட்டும். நாற்பதாம் நாளிலும் நூறாம் நாளிலும் செல்லட்டும். இருவரில் ஒருவர் பெண்ணாக இருத்தல் நன்று. அறிவுரை கூற வேண்டா. “இரவில் தூங்குகிறீர்களா, அம்மா? வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்டு, விடை வரும் வரை காத்திருந்தாலே போதும். விதவை உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுதுவது, பங்குத்தொகையை வாரிசின் பெயருக்கு மாற்றுவது போன்ற வேலைகளில் துணை நிற்கலாம். கேட்டதை வெளியில் சொல்லாமை இப்பணியின் முதல் விதி. ஒரு முறை வம்பாகப் பரவினால், பிறகு எந்த வீட்டுக் கதவும் நமக்குத் திறவாது.

இன்னொன்றும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மூச்சுப் பயிற்சியால் கடன் அடையாது. கடனால் வந்த கவலைக்குத் தவணையை மாற்றி அமைத்தலும், நியாயமான கூலியும், விளைபொருளுக்கு உரிய காலத்தில் பணம் கிடைத்தலும் மருந்தாகும். அவற்றைச் செய்யாமல் “மனத்தைத் தேற்றிக்கொள்” என்பது பசித்தவனுக்கு விசிறி வீசுவதாகும்.

இரண்டு சாவி கொண்ட பெட்டி

1993 வரை நம்மோடு ஒரே தென்னார்க்காடு மாவட்டமாய் இருந்த கடலூர்ப் பகுதியில், காட்டுமன்னார்கோயில் வட்டாரக் கிராமங்களில் ஒரு சோதனை நடைபெற்றது. 1986ஆம் ஆண்டில் சென்னையில் சிநேகா என்னும் தற்கொலைத் தடுப்பு நிலையத்தை நிறுவிய டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் அவருடைய குழுவினரும் இதனை நடத்தினர். பூச்சிக்கொல்லியை வீட்டில் வைக்காமல், ஊர்ப் பொதுவில் ஓர் அறை கட்டி, உழவர்களுக்குப் பூட்டுடைய பெட்டிகளை அளித்தனர். ஒரு பெட்டிக்கு இரண்டு சாவிகள்: ஒன்று உடையவரிடம், மற்றொன்று பொறுப்பாளரிடம். அக்கிராமங்களில் தற்கொலைகள் குறைந்தன என்பதை 2013ஆம் ஆண்டில் வெளியான அறிக்கை காட்டியது.

இதன் உட்பொருள் எளிது. உயிரை விடும் எண்ணம் பலருக்குச் சிறிது நேரமே உச்சத்தில் நிற்கிறது. அந்நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாவிடில், எதிரில் ஒரு மனிதரும் இருந்தால், உயிர் தங்கிவிடுகிறது. கிடங்கும் பொறுப்பாளரும் உடைய சங்கங்கள் இதைத் தம் ஊரில் செய்து பார்க்கலாம்.

மருத்துவரை நாட வேண்டிய வேளை

இரண்டு வாரங்களுக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டிருத்தல். செய்து வந்த வேலையில் நாட்டம் அற்றுப்போதல். பிள்ளை பெற்ற பெண் குழந்தையைக் கண்டு அஞ்சுதல் அல்லது ஓயாது அழுதல். “நான் இருந்து என்ன பயன்” என்று சொல்லுதல். இவற்றுள் ஒன்று காணினும் காலம் தாழ்த்தலாகாது. கடைசியாகக் கூறியதைக் கேட்டால் அவரைத் தனியே விடாதீர்கள். “உயிரை விட நினைக்கிறீர்களா?” என்று நேராகவே கேட்கலாம்; கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாக உண்டாவதில்லை. மார்புவலி கண்டால் அதை மனக்கவலை என்று ஊகிக்காமல் உடனே 108 ஊர்தியை அழைக்க.

2022 அக்டோபர் 10ஆம் நாள் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழில் பேசலாம். சிறுவங்கூரில் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநல பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்றும், அவருக்குச் சிகிச்சை அளிப்பது அரசின் கடமை என்றும் கூறுகிறது. எனவே வழக்குக்கு அஞ்சிச் சிகிச்சையை மறைக்க வேண்டியதில்லை. மருத்துவர் தந்த மருந்தைத் தாமாக நிறுத்துதலும் கூடாது.

கலந்து பேசுவதற்குச் சில வினாக்கள்

1. சென்ற ஓராண்டில் நம் சங்கத்து எந்த எந்த இல்லங்களில் பெரிய திருப்பம் நேர்ந்தது? பதினாறாம் நாளுக்குப் பின் அங்கே சென்று வந்தவர் யார்?

2. தறியை விட்டு இறங்கிய முதியவர்க்குத் தார் சுற்றுதல், இளைஞர்க்குப் பழக்குதல் போன்று எப்பணியைத் தரலாம்?

3. நம் ஊரில் பூச்சிக்கொல்லி எங்கே வைக்கப்படுகிறது? பொதுப் பெட்டிகளுக்கு இடம் உண்டா?

4. இரகசியம் காத்துக் கேட்கக்கூடிய இருவர் நம்மிடையே யார்?

இவ்வினாக்களை அடுத்த கூட்டத்தில் கணக்கு வாசித்த பின் எடுத்துக்கொள்ளுமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். நான்காம் வினாவுக்குரிய பெயர்களை அன்றே நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதிவிடுதல் நலம்.