முதல் பாடவேளையில் எழுதாத விரல்கள்

நான் நான்காம் வகுப்பு ஆசிரியை. முதல் பாடவேளையில் எழுதத் திணறும் ஒரு மாணவி, மதியத்துக்குப் பின் நன்றாக எழுதுவாள். சோம்பல் என்று கடிந்துகொண்டேன். ஒருநாள் கைபிடித்து எழுதவைத்தபோதுதான் கவனித்தேன். விரல் மூட்டுகள் வீங்கிச் சூடாக இருந்தன. பெற்றோரை அழைத்துச் சொன்னேன். மருத்துவர் அதைச் சிறார் மூட்டழற்சி என்றார்.

மூட்டுநோய் பெரியவர்களுக்கே வரும் என்று நினைத்திருந்தேன். 16 வயதுக்குள் தொடங்கும் மூட்டழற்சியும் உண்டு. உடலின் நோய் எதிர்ப்பாற்றலே மூட்டுகளைத் தாக்குவதால் இது வருகிறது.

நாம் கவனிக்க வேண்டியவை:

• காலையிலும், நெடுநேரம் உட்கார்ந்து எழும்போதும் மூட்டு விறைப்பு, நடமாடியபின் குறைதல்.
• அடிபடாமலே மூட்டு வீக்கம், சூடு.
• நொண்டி நடத்தல். சம்மணமிட, பொத்தான் போட, பென்சில் பிடிக்கச் சிரமம்.
• அடிக்கடி சோர்வு, காய்ச்சல்.

வீக்கம் 6 வாரங்களுக்கு மேலும் நீடிக்கும். அதுவரை காத்திருக்க வேண்டாம். சில குழந்தைகள் வலியைச் சொல்லாமல் விளையாட்டிலிருந்து ஒதுங்குவார்கள். வெளியே தெரியாமல் கண்ணிலும் அழற்சி வரலாம்; ஆகவே கண் பரிசோதனையும் தேவை.

நோயை உறுதிசெய்வது மருத்துவர் பணி. பார்த்ததைப் பெற்றோரிடம் சொல்லி, குழந்தைகள் நல மருத்துவரிடம் அனுப்புவது நம் பணி. இப்போது அவளுக்கு முதல் பாடவேளையில் வாய்மொழிப் பயிற்சி, எழுத்துப்பணி பிற்பகலில்.